விதி பதினொன்றும் ஒரு கிரிம்பிங் டூலும்

எங்கள் தெரு மாதா கெபி விழாக்குழுவின் பதினொன்றாவது விதி இது: “விழாப் பொருள் எதுவும் பழுதானால், அதற்குக் காரணம் என்று சொல்லப்படுகிறவரை நேரில் அழைத்து, பழுதான பொருளை அவர் முன்னிலையில் வைத்துப் பார்த்த பிறகே குழு முடிவெடுக்க வேண்டும். அது குறித்து எழுத்தில் வரும் மனுவுக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.”

இதை மனப்பாடமாகச் சொல்வதில் பெருமை ஒன்றும் இல்லை. எழுதியவனே நான்தான். ஏதோ ஓர் ஆண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கின் கண்ணாடி உடைந்து, உடைத்தது யார் என்று தெரியாமலேயே இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. பேசி முடித்திருந்த ஒரு கல்யாணமும் நின்றுபோனது. இனி அப்படி ஆகக் கூடாது என்று குழுவினர் என்னை விதி எழுதச் சொன்னார்கள். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் பண்டகசாலையில் எனக்கு வேலை. ஓர் ஆணி உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் எத்தனை கையெழுத்து வேண்டும் என்று தெரிந்தவன். ராயபுரத்தில் எங்கள் தெருவில் அப்படிப்பட்ட ஆள் நான் ஒருவன்தான் என்பதால் எதிர்ப்பின்றி விதிகள் நிறைவேறின. படித்துப் பார்த்து நிறைவேற்றினார்களா என்பது வேறு விஷயம்.

விளக்குப் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. செப்டம்பர் எட்டாம் தேதி மாதா பிறந்தநாளன்று மாலை, கெபி என்னும் சிறு கற்குகைக் கோவிலிலிருந்து சொரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றி, கல்மண்டபம் வரை பவனி கொண்டுபோய்த் திரும்புவார்கள். சப்பரம் கெபியின் வாசலைத் தாண்டும் அந்த நொடியில் சுவிட்சைத் தட்டுவது விளக்கு வேலை செய்தவனின் உரிமை. தெரு முழுவதும் ஒரே மூச்சில் “மாதாவே” என்று சொல்லும். வருடம் முழுவதும் நான் அந்தத் தெருவில் பேன்ட் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஒரு குமாஸ்தா. அந்த ஒரு நொடியில் மட்டும் வேறு யாரோ. எனக்கு அந்தச் சுவிட்சைத் தவிர அங்கே வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வயரிங் எனக்குப் பொழுதுபோக்கு. அதில் எனக்குக் கூட்டாளி பள்ளிக்கூட நாளிலிருந்து என்னோடு இருந்த நண்பன். துறைமுகத்தில் கிரேன்களின் மின்சார வேலை பார்த்தான். நான் புத்தகத்தில் படித்ததை அவன் கையால் செய்திருப்பான். அவன் கையால் செய்ததில் எது தவறு என்பது புத்தகத்தில் இருக்கும். இப்படி இருவரும் சேர்ந்தால் ஒரு முழு மின்பணியாளர் ஆவோம் என்று நாங்களே சொல்லிக்கொள்வோம்.

சப்பரத்தின் இணைப்புகள் எங்களுக்கு ஓயாத தொல்லை. அந்தக் காலத்தில் செம்பு கிடைப்பது அரிதாகி, கடைகளில் அலுமினிய வயர்தான் கொடுத்தார்கள். அலுமினியக் கம்பியைத் திருகாணிக்கு அடியில் வைத்து இறுக்கினால் அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். சில நாளில் தானாகத் தளரும். தளர்ந்த இடத்தில் சூடு ஏறும். அதற்கு மேல் எங்கள் பக்கத்துக் கடல் காற்று, எதையும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் பளபளப்பாக விட்டுவைக்காது. இதற்கு மருந்து, கம்பியின் முனையில் லக் என்னும் சிறு உலோகக் குழலைச் செருகி, அழுத்தி, கம்பியும் குழலும் ஒரே உலோகமாகும்படி நசுக்கிவிடுவது. நசுக்குகிற கைக்கருவிதான் கிரிம்பிங் டூல். எங்கள் பக்கத்தில் அதை ‘லக்கு அடிக்கிற டூலு’ என்பார்கள். அடிப்பது அல்ல, அழுத்துவது என்று நான் திருத்துவேன். யாரும் திருந்தியதில்லை.

நல்ல டூல் எது என்று தேடி நாங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தோம். பை நிறையத் துண்டு வயர்களும் லக்குகளும், ஒரு சிறிய ரம்பமும் எடுத்துக்கொள்வேன். சோதிக்காமல் வாங்குவது பண்டகசாலைக்காரன் செய்கிற காரியம் அல்ல.

முதலில் மண்ணடியில் ஓர் இரும்புக்கடை. கடைக்கார பாய் குறடு போன்ற ஒன்றை எடுத்துக் கொடுத்தார். லக்கைப் போட்டு அழுத்தினேன். வயரின் ஒரு முனையை நண்பனிடம் கொடுத்து, லக்கை நான் பிடித்து இழுத்தேன். உறையிலிருந்து கத்தி வருவதுபோல் கம்பி வெளியே வந்துவிட்டது.

“இழுத்தா எதுதான் சார் வராது?” என்றார் பாய். “கரண்டு இன்னா கயிறு இழுக்கற போட்டிக்கா போவுது?”

“நீ ஒண்ணு பாய்,” என்றான் நண்பன். “இவுரு தங்கச்சிக்கு மாப்பிள்ள பாக்கப் போனப்போ அவன் பல்லையே எண்ணிப் பாத்தவுரு.”

“எண்ணி?”

“ஒண்ணு கம்மியா கீதுன்னு திரும்பி வந்துட்டாரு.”

இது பொய். ஆனால் பாய் அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

பிறகு பர்மா பஜார். அங்கே ஒரு பளபளப்பான வெளிநாட்டு டூல் இருந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று தாடையில் புள்ளிகள். அந்தந்த நிற லக்குக்கு அந்தந்தப் பள்ளம். நம் ஊர் லக்குகளுக்கு நிறமே கிடையாது. வயரைக்கூட அப்போது பாதிப் பேர் ‘மூணு இருபது’, ‘ஏழு இருபது’ என்று இழையின் எண்ணிக்கையும் கனமும் சொல்லும் பழைய கணக்கில்தான் கேட்டார்கள். லக்கோ சதுர மில்லிமீட்டரில் வந்துகொண்டிருந்தது. எங்கள் லக்கை நீலத்தில் வைத்தால் ஆடியது, சிவப்பில் வைத்தால் பிதுங்கி இரு பக்கமும் காது முளைத்தது. காது முளைத்த லக் கெட்ட லக். அதிகப்படியாக நசுங்கி உள்ளே கம்பி அறுந்திருக்கும். கடைக்காரன் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தான். விலையா பிரச்சினை?

கடைசியில் மூர் மார்க்கெட்டில், பழைய டார்ச்சுகளுக்கும் கடிகாரங்களுக்கும் நடுவில் கிடந்தது எங்களுடையது. ஏதோ கப்பலிலிருந்து வந்ததாம். கைப்பிடியில் பூச்சு உரிந்திருந்தது. தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். நடுவில் கோடாகக்கூட ஒளி தெரியவில்லை. தாடை தேயாமல் நேராகச் சந்திக்கிறது என்று அர்த்தம். உள்ளே ரம்பப்பல் போன்ற ஒரு தகடு. அழுத்தத் தொடங்கினால் முழுவதும் அழுத்தி முடிக்கும்வரை தாடை திறக்காது. கை சோர்ந்து பாதியில் விட முடியாது. அரைகுறை இணைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அழுத்தினேன், இழுத்தோம், வரவில்லை. நண்பன் கடையின் மரத்தூணில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தான். அப்போதும் வரவில்லை. லக்கைக் குறுக்கே ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். ஏழு இழையும் குழலும் இடைவெளியே இல்லாமல் ஒரே துண்டாக, வெட்டிய பனைநுங்குபோல் மழமழவென்று இருந்தது.

இன்னொன்றையும் பார்த்தோம். தாடையின் உள்ளே ஒரு சின்ன முக்கோணம் செதுக்கியிருந்தது. ஆகவே அந்த டூல் அழுத்தும் ஒவ்வொரு லக்கின் முதுகிலும் ஒரு முக்கோணம் பதிந்தது.

நண்பன் அதை விரலால் தடவிப் பார்த்தான். “மாமு, இது கையெழுத்துப் போடுது பாரு. நாளைக்கி எவனும் இது உன் வேல இல்லன்னு சொல்ல முடியாது.”

“நான் செய்யாததை என் வேலைன்னும் சொல்ல முடியாது,” என்றேன்.

“அதான். வாங்கு மாமு, யோசிக்காத.”

வாங்கினேன். என் சொந்தக் காசில், என் சொந்தக் கருவியாக. அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தது நான் அல்ல, அவன்தான்.

ஆகஸ்ட் மாதம் முழுவதும் மாலைகளில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சப்பரத்தின் எல்லா இணைப்புகளையும் புதிதாகச் செய்தோம். அவன் கம்பியைச் சீவிக் கொடுப்பான், நான் அழுத்துவேன். என் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “வூட்டுல தொவைக்கிற கல்லாண்ட பல்பு எரியல, அது மாதா கண்ணுக்குத் தெரியாதா?” என்று கேட்பாள். “மாதா கண்ணுக்குத் தெரியும் அண்ணி, மாமு கண்ணுக்குத்தான் தெரியாது,” என்பான் அவன்.

விழா நாளன்று எனக்குப் பண்டகசாலையில் இருப்பு சரிபார்ப்பு. விடுப்பு கிடையாது. அவன் லீவு போட்டிருந்தான். ஜெனரேட்டர் வண்டி வந்ததும் இணைத்து வை, டூல் வீட்டில் இருக்கிறது, கேட்டால் அண்ணி தருவாள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மாலை வந்து பார்த்தபோது எல்லாம் தயார். சப்பரத்துக்குப் பின்னால் கைவண்டியில் ஜெனரேட்டர். அதிலிருந்து சப்பரத்தின் சுவிட்ச் பலகைக்கு வரும் தலைமை வயரின் முனை மட்டும் கறுப்பு டேப்பால் தடிமனாகச் சுற்றியிருந்தது.

“இது எதுக்கு?” என்றேன்.

“மானம் மூடிகினு கீது பாரு. மழ வந்தா தண்ணி பூந்துரும்னு சுத்தினேன்.”

“உள்ளே நாம அழுத்தின லக்தானே?”

“பின்ன இன்னா மாமு, எங்க அப்பன் அழுத்தினதா? போய்ச் சுவிட்ச தட்டு, பூசாரி மாரி எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாத்துகினு.”

தட்டினேன். தெரு “மாதாவே” என்றது. அந்த நொடியை நான் கடைசியாகப் பெற்றுக்கொண்டேன் என்பது அப்போது தெரியாது.

கல்மண்டபம் திருப்பத்தில் ரப்பர் தீய்ந்த நாற்றம் வந்தது. அடுத்த நொடி சப்பரம் இருண்டது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். “மாதா கண்ண மூடிக்கினா,” என்று யாரோ அழுதாள். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போவதற்குள் அவன் சப்பரத்தின் மேல் ஏறிவிட்டான். டேப்பைக் கிழித்து, கருகிய லக்கைக் குறடால் கத்தரித்து, கம்பியைச் சீவி போல்ட்டில் முறுக்கிக் கட்டினான். விளக்குகள் திரும்ப வந்தன. கை தட்டினார்கள். கத்தரித்த லக்கை அவன் சட்டைப் பைக்குள் போடும்போது என் டார்ச் வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. தட்டையாக, நெத்திலிக் கருவாடுபோல் நசுங்கியிருந்தது. முக்கோணம் பதிந்த லக் எதுவும் அப்படி இருக்காது.

“எதுடா எரிஞ்சுது? காட்டு,” என்றேன்.

“அத வுடு மாமு. பவனி போவட்டும்.”

பவனி முடிந்து ஜெனரேட்டர்காரர் வண்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவரைக் கேட்டேன். “காலைலயே சொன்னனே சார், பழைய வயரு பிஞ்சிகினு கீது, மொத்தமான வயரு கொண்ணாந்துகீறேன்னு. உங்க டூலுல அது பூரல. பாதி கடிச்சிகினு நின்னுகிச்சு. உங்க தோஸ்து ஸ்க்ரூ டிரைவரு வுட்டு நெம்பி எடுத்துட்டு, பெரிய லக்க தண்டவாளத் துண்டு மேல வெச்சு சுத்தியால நாலு போட்டாரு. உக்காந்துகிச்சு.”

துறைமுகத்தில் அதற்குப் பெயர் ஷிப்ட் ஜாயிண்ட். கிரேன் நிற்கக் கூடாது, கப்பல் காத்திருக்கிறது. ஆகவே லக்கைச் சுத்தியால் அடித்து உட்காரவைத்து, டேப் சுற்றி, அந்த ஷிப்ட்டை ஓட்டிவிடுவார்கள். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து பிரித்து ஒழுங்காகச் செய்வான். எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. சப்பரத்துக்கு அடுத்த ஷிப்ட் கிடையாது என்பதை மட்டும் அவன் மறந்துவிட்டான். அதைக்கூட நான் மன்னித்திருப்பேன். அவசரத்துக்குச் செய்த வேலை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கெபி வாசலிலேயே மாற்றியிருப்போம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து குழு கூடியது. என்னைக் கூப்பிடவில்லை. முடிவை என்னிடம் சொல்ல வந்தவர் பொருளாளர், வயதானவர், மெத்தை தைக்கிறவர். வாசலில் நின்றுகொண்டே சொன்னார்.

“தப்பா நெனைக்காத தம்பி. எவனோ வெள்ளக்காரன் கப்பல்ல தூக்கிப் போட்ட டூல வெச்சி நீ லக்கு அடிச்சதுனாலதான் எரிஞ்சுதுன்னு ஆயிட்ச்சி. அடுத்த வருஷத்துலேந்து வெளக்கு பொறுப்ப அவன்கிட்ட குடுத்துட்டாங்க.”

“யார் சொன்னது என் டூலால எரிஞ்சுதுன்னு?”

அவர் தன் செருப்பைப் பார்த்தார். “அவன்தான்.”

“எரிஞ்ச லக்கைக் காட்டினானா?”

“அத யாருபா கேட்டா? அவந்தான் மேல ஏறி வெளக்க கொண்ணாந்தான். அவன் பொய்யா சொல்லுவான்?”

அன்று மாலையே கல்மண்டபம் டீக்கடையில் அவனைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் இரண்டு டீ சொன்னான். பழக்கம் விடவில்லை.

“அந்த லக் எங்கே?”

“எந்த லக்கு?”

“நீ சுத்தியால அடிச்ச லக்.”

அவன் டீயை ஆற்றினான். “கடல்ல போட்டுட்டேன்.”

“ஏன்டா?”

“மாமு, எங்க ஃபோர்மேன் சப்பரத்துக்குக் கொட புடிச்சிகினு வந்தான், பாத்தல்ல? எனுக்கு சார்ஜ்மேன் ப்ரமோஷன் வர்றதுக்கு அவன் கையெழுத்துதான். சாமி சப்பரத்துலயே ஷிப்ட் ஜாயிண்ட்டு போட்டவன்னு தெரிஞ்சா நான் இந்த சென்மத்துக்கும் கிரேன் மேலதான். உனுக்கு இன்னா? ஆபீஸ்ல நாற்காலி கீது. பேரு போனா நாற்காலியா ஒடஞ்சிடும்?”

“என் பேரு உன்னுதாடா, நீ எடுத்துக் கொடுக்க?”

“ஒரு வெளக்கு மாமு. ஒரு சுவிட்சு. அதுக்கு இப்படிக் கத்துற.”

கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அந்தச் சுவிட்ச் எனக்கு என்னவென்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவன். அதனால்தான் அதை எடுத்தால் நான் தாங்குவேனா மாட்டேனா என்றுகூட அவன் யோசித்திருப்பான். யோசித்த பிறகே எடுத்தான். தெரியாதவன் எடுத்திருந்தால் அது வெறும் அநியாயம்.

எனக்குத் தெரிந்த ஆயுதம் ஒன்றுதான். மனு எழுதினேன். பழுதான பொருளை என் முன்னிலையில் பார்க்கவில்லை, என்னை அழைக்கவில்லை, விதி பதினொன்று இரண்டு இடத்தில் மீறப்பட்டுள்ளது. என் டூலால் அழுத்திய லக் ஒவ்வொன்றிலும் முக்கோணம் இருக்கும், சப்பரத்தில் மீதமிருக்கும் லக்குகளை எடுத்துப் பாருங்கள், எரிந்ததில் முக்கோணம் இருந்ததா என்று அதைக் கத்தரித்தவரைக் கேளுங்கள், ஜெனரேட்டர்காரரையும் கேளுங்கள். இணைப்பாக, முக்கோணம் பதிந்த மாதிரி லக் ஒன்று. குழுவின் செயலாளர் என் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அவர் கையில் கொடுத்தால் கொடுத்ததற்குச் சான்று ஏது? பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன்.

தபால்காரர் என் வாசலில் நின்று சிரித்தார். “சார், அந்த வூட்டு ஜன்னல்ல கைய வுட்டா உங்க வூட்டு ஜன்னலு. இதுக்கு இன்னா சார் ரிஜிஸ்டரு?”

“நடைமுறை,” என்றேன்.

“நல்ல நடமொற. உங்க ரெண்டு பேரு சண்டைல நான் நடக்கறேன்.”

ஒப்புகை அட்டை உடனே திரும்பி வந்தது. பதில் வரவில்லை. ஒரு மாதம் கழித்து நினைவூட்டல் அனுப்பினேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு இன்னொன்று. ஜெனரேட்டர்காரர் வெளியாள், தெரு விஷயத்தில் அவரைக் கேட்பது மரியாதை இல்லை என்று செயலாளர் யாரிடமோ சொன்னதாகக் காதில் விழுந்தது. தெருவில் என்னைப் பார்த்தால் எல்லோரும் முன்பைவிட அன்பாகப் பேசினார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. நோயாளியிடம் பேசுவதுபோல், மின்சாரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். அவன் மட்டும் எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். நட்பில் மிச்சமிருந்தது அந்த ஒரு நேர்மைதான்.

ஈஸ்டருக்குப் பிறகு புதுக் குழு. நான் கூட்டத்துக்குப் போகவில்லை. ஜூனில் மறுபடி ஒரு நினைவூட்டல், இம்முறை “புதிய செயலாளர் அவர்களுக்கு” என்று மட்டும் எழுதி, யார் என்று விசாரிக்காமலேயே அனுப்பினேன். ஒப்புகை அட்டையில் கையெழுத்துக் கிறுக்கலாக இருந்தது. பார்த்த கையெழுத்து என்று தோன்றியும், நான் அதற்கு மேல் பார்க்கவில்லை.

பதில் தபாலில்தான் வந்தது, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டேன். தட்டச்சில் இருந்ததை அப்படியே தருகிறேன்:

“தங்கள் மனு குழுவின் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. விதி பதினொன்றின்படி பழுதான பொருளை வைத்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பழுதான லக் தற்போது கைவசம் இல்லாததால், மறுபடி பார்க்க வழியில்லை. எனவே முன்பு எடுத்த முடிவே நிலைக்கிறது. மேலும், இவ்வாண்டு சப்பர விளக்கு வேலைக்குத் தங்களிடமுள்ள கிரிம்பிங் டூல் தேவைப்படுவதால், அதைக் கொடியேற்றத்துக்கு முன் விளக்குப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

கீழே செயலாளர் என்ற இடத்திலும், விளக்குப் பொறுப்பாளர் என்ற இடத்திலும் ஒரே கையெழுத்து. அவனுடையது. அந்த மொழியும் என்னுடையதுதான். என்னோடு கூடத்தில் உட்கார்ந்து கம்பி சீவிய மாலைகளில் என்னிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது.

டூல் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தாடைகளை மூடி வெளிச்சத்தில் பிடித்தால் இப்போதும் ஒளி தெரியாது.

கடிதத்தைப் படித்து முடித்தபோது தெருமுனையில் கொடிமரத்துக்குக் கயிறு பூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒப்படைக்கச் சொன்ன கெடுவுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பதில் வந்த தேதி ஆகஸ்ட் இருபத்தொன்பது, விழாவுக்குக் கொடியேற்றும் நாள்.